விடுபட்ட பெயர்கள்

குடும்பத் தலைவர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியுள்ளார். அதில் வருத்தம் பாதி, கோபம் பாதி. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துள்ள அவருடைய மகன் 'தகவல் தொடர்பு வடிவமைப்பு' என்னும் படிப்பில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறானாம். "படம் போடுவதற்கு ஒரு பட்டமா? எங்கள் ஊரில் போர்டு எழுதுகிறவர் எந்தக் கல்லூரிக்குப் போனார்?" என்று கேட்கிறார் தந்தை. இது போதாதென்று, இவ்வாண்டுப் பங்குத் திருவிழா அறிவிப்பைத் தயாரிக்கும் பொறுப்பை அம்மகனிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். அவனோ கோவில் கோபுரத்தின் வடிவம், ஒரு கொடி, மூன்று தேதிகள் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் எடுத்துவிட்டான். உபயதாரர்களின் பெயர்கள் இல்லை. பங்குக் குழுவினரின் நிழற்படங்களும் இல்லை. குழுக் கூட்டத்தில் தந்தை தலைகுனிய நேர்ந்தது. அறிவிப்பின் பிரதி ஒன்றையும் கடிதத்துடன் இணைத்து, "நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார்.

பார்த்தோம். ஆனால் அதைப் பற்றிக் கூறுமுன், இத்துறையில் புகழ்பெற்ற ஒருவரைப் பற்றிக் கூற விரும்புகின்றோம். அன்பர் சற்றே பொறுத்தருள்க.

ஜெர்மனியில் தான்யூப் ஆற்றங்கரையிலுள்ள உல்ம் நகரில் 1922-ல் பிறந்தவர் ஓட்ல் ஐஷர். கத்தோலிக்க இளைஞர். ஹிட்லரின் இளைஞர் படையில் சேர மறுத்ததற்காக 1937-ல், பள்ளிச் சிறுவனாக இருக்கையிலேயே, கைது செய்யப்பட்டார். பின்னர்ப் பள்ளி இறுதித் தேர்வையும் எழுதவிடவில்லை. அவருடைய பள்ளித் தோழர் ஒருவரின் வீட்டில் ஹன்ஸ், ஸோபி என்ற இரு பிள்ளைகள் இருந்தனர். ஷோல் குடும்பத்தின் அந்த அண்ணனும் தங்கையும் 'வெள்ளை ரோஜா' என்ற பெயரில் ஹிட்லருக்கு எதிராகத் துண்டறிக்கைகளைப் பரப்பியவர்கள் என்பதை நம் வாசகர் பலர் அறிவர். முதுபெரும் கத்தோலிக்க இதழாசிரியர் கார்ல் மூட் என்பவரை ஹன்ஸுக்கு அறிமுகப்படுத்தியவர் ஐஷரே. 1943 பிப்ரவரி 18 அன்று அவ்விருவரும் மியூனிக் பல்கலைக்கழகத்தில் பிடிபட்டனர். நான்கு நாட்களில், 22-ஆம் தேதி, அவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அப்போது ஹன்ஸுக்கு வயது 24, ஸோபிக்கு 21.

ஐஷர் வளர்ந்த நாட்களில் அவருடைய நாட்டு அரசு வடிவமைப்பை நன்றாகவே அறிந்திருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. சிவப்புக் கொடி, நடுவே வெள்ளை வட்டம், அதனுள் கறுப்புச் சின்னம், ஒளிக் கம்பங்கள், தீப்பந்த ஊர்வலங்கள். படிப்பறிவில்லாதவனுக்கும் அவை ஒரு கதையைச் சொல்லின. அக்கதையோ பொய். 1936-ல் பெர்லினில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளும் இந்தக் கொடிகளுக்கிடையேதான் நடந்தன. அழகாகச் செய்யப்பட்ட பொய்யைக் கண்ணெதிரே கண்டு வளர்ந்தவர், பிற்காலத்தில் தாமும் அதே கருவிகளைக் கையில் எடுத்தார் என்பதுதான் நம்மை ஈர்க்கும் செய்தி.

போர் முடிந்ததும் இடிபாடுகளாய்க் கிடந்த உல்மில் சொற்பொழிவுகளுக்கு ஏற்பாடு செய்தார். குருவானவர் ரோமானோ குவார்தினியும் அங்கு வந்து பேசினார். கூட்டங்களுக்குச் சுவரொட்டிகள் வேண்டியிருந்தன. ஐஷர் அவற்றை வரைந்தார். ஷோல் குடும்பத்தின் மூத்த மகளை 1952-ல் மணந்தார். அடுத்த ஆண்டே, கொல்லப்பட்ட இருவரின் நினைவாக நிறுவிய அறக்கட்டளையின் சார்பில், உல்மில் ஒரு வடிவமைப்புக் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியது. பணத் தட்டுப்பாட்டாலும் பூசல்களாலும் அது 1968-ல் மூடப்பட்டது. பதினைந்தே ஆண்டுகள்! எனினும் அதன் விதை நம் நாட்டிலும் விழுந்தது. அகமதாபாத்தில் 1961-ல் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் உல்மின் பாடமுறையிலிருந்து மிகுதியாகக் கற்றது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1969-ல் தொடங்கிய தொழில் வடிவமைப்பு மையத்தை வளர்த்த சுதாகர் நட்கர்ணி உல்மில் பயின்றவரே. தந்தை ஏளனம் செய்யும் படிப்பின் வேர் எங்கே இருக்கின்றது என்பதற்காக இதைச் சொன்னோம்.

1972 ஒலிம்பிக் போட்டிகள் மியூனிக் நகருக்குக் கிடைத்தன. ஷோல் உடன்பிறப்புகள் பிடிபட்ட அதே மியூனிக்! போட்டிகளின் தோற்றம் முழுவதையும் அமைக்கும் பொறுப்பு ஐஷரிடம் வந்தது. '1936-ல் நீங்கள் கண்ட ஜெர்மனி வேறு, இது வேறு' என்று உலகுக்குச் சொல்லவேண்டும். அதை வாயால் சொன்னால் எவர் நம்புவர்?

ஐஷர் முதலில் செய்தது நீக்கல். சிவப்பை விலக்கினார், கறுப்பும் பொன்னும் கூடிய படாடோபத்தையும் விலக்கினார். வெளிர் நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளி ஆகியவை நின்றன. பவேரியாவின் வானத்தையும் புல்வெளியையும் நினைவூட்டும் நிறங்கள் அவை. கொடி, நுழைவுச் சீட்டு, சுவரொட்டி, பணியாளர் உடை எல்லாம் அந்த நிறங்களிலேயே அமைந்தன. காவலர்கள்கூட வெளிர் நீல உடையில், துப்பாக்கியின்றி நின்றனர். சிறுவர்க்கென வால்டி என்னும் குட்டைக்கால் நாய் பொம்மை வந்தது; மாரத்தான் ஓட்டப் பாதையே அந்நாயின் உருவில் வகுக்கப்பட்டதாம். நமக்கு இந்தக் குறும்பு மிகவும் பிடித்திருக்கின்றது.

அடுத்தது படக்குறிகள். 121 நாடுகளிலிருந்து வருவோர்க்கு நீச்சல் எங்கே, குத்துச்சண்டை எங்கே என்று எம்மொழியில் எழுதுவது? 1964-ல் டோக்கியோவில் ஜப்பானியர் இதற்குப் படங்களால் விடை கண்டிருந்தனர். ஐஷரும் அவருடைய குழுவினரும் அதை ஓர் இலக்கணமாகவே ஆக்கினர். ஒரு சதுரம், அதற்குள் நேர்க்கோடு, படுக்கைக்கோடு, இரண்டுக்கும் நடுவான சாய்கோடு. கைகால்கள் இக்கோடுகளின் வழியே மட்டுமே செல்லலாம். தலை ஒரு வட்டம். கழுத்தில்லை, முகமில்லை. முகமில்லாத அந்த மனிதன் கறுப்பனா வெள்ளையனா, ஏழையா செல்வனா என்று எவரும் கேட்க இயலாது. இன்று நம் ரயில் நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வழிகாட்டி நிற்கும் வட்டத்தலை உருவங்கள் அவனுக்கு நெருங்கிய உறவினர்.

ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய போட்டிகள் பத்து நாட்கள் திருவிழாப் போலவே நடந்தன. செப்டம்பர் 5-ஆம் தேதி விடியுமுன் 'கறுப்பு செப்டம்பர்' என்னும் பாலஸ்தீனக் குழுவைச் சேர்ந்த எட்டுப் பேர் வேலி தாண்டி வீரர் குடியிருப்பில் புகுந்தனர். இஸ்ரேல் அணியினர் 11 பேர் உயிரிழந்தனர். ஜெர்மன் காவலர் ஒருவரும் மாண்டார். வெளிர் நீலக் கொடிகளுக்கிடையே அரைக்கம்பத்தில் கொடிகள் பறந்தன.

ஐஷரின் நிறங்களும் பொய் சொல்லினவா? இக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. துப்பாக்கியில்லாத நீலக் காவலர்தானே அந்த இரவில் வாயில்களில் நின்றனர்! மென்மையாகத் தோன்றவேண்டும் என்ற ஆசை எச்சரிக்கையை மறக்கச் செய்தது என்று குறை கூறினோர் உண்டு. அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் நீலம் சொன்னது ஒரு நாட்டின் விருப்பத்தை. விருப்பம் வீட்டுக்குக் காவலாகாது; அதற்காக அதைப் பொய்யென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 1936-ன் சிவப்பு மறைத்தது வேறு. அது தான் செய்யப்போவதை அறிந்தே மறைத்தது.

அதே ஆண்டில் ஐஷர் ரோட்டிஸ் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். பின்னர், அருகிலிருந்த இஸ்னி என்னும் சிறு நகரத்தின் சுற்றுலாவுக்காக அவர் செய்த வேலை நம் கண்ணுக்கு மியூனிக்கையும் மிஞ்சியது. வண்ணமே இல்லை. கறுப்பும் வெள்ளையுமாக, நூற்றுக்கு மேற்பட்ட சதுரப் படங்களில் அவ்வூரின் மலை, மரம், வீடு, பனி ஆகியவற்றைச் சொல்லி முடித்தார். எழுத்திலும் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும். எழுத்துக்குள் உயர்வு தாழ்வு எதற்கு என்று அவர் எல்லாவற்றையும் சிற்றெழுத்திலேயே எழுதினார். நமது தமிழில் அந்தச் சண்டைக்கே இடமில்லை என்பதில் நமக்குச் சிறிது பெருமைதான். விபத்தொன்றில் காயமுற்று 1991 செப்டம்பரில் அவர் இறந்தார்.

இனி, கடிதம் எழுதிய அன்பரே, தங்கள் மகனின் அறிவிப்பு. அதை நம் அறைச் சுவரில் ஒட்டி, வாசலிலிருந்து பார்த்தோம். கோபுரம் தெரிகின்றது, கொடி தெரிகின்றது, தேதிகளைக் கண்ணாடியின்றிப் படிக்க முடிகின்றது. கடந்த ஆண்டுகளின் அறிவிப்புகளில் புனிதரின் சுரூபத்தைவிடப் பெரிதாக உபயதாரர் படம் அச்சாகியிருந்ததாகத் தாங்களே எழுதியிருக்கின்றீர்கள். உபயம் தந்தவர்க்கு நன்றி கூறவே வேண்டும். அதைத் தனித்தாளில் அச்சிட்டுக் கோவில் முகப்பில் ஒட்டலாம். பையனைப் படிக்க வையுங்கள் என்பதே நம் எண்ணம்.

ஆனால் அவனிடம் ஒன்று கேட்கவேண்டும். தேர்ப்பவனி எத்தனை மணிக்கு? திருப்பலி எத்தனை மணிக்கு? கிளைக் கிராமத்திலிருந்து பேருந்தில் வரும் மூதாட்டி தேதியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? விடக்கூடாததையும் பிள்ளை விட்டிருக்கின்றான். தங்கள் கடிதத்தின்படி, கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாதாடிய குழுவினருள் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. எல்லோரும் தத்தம் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள் போலும்.