சர்க்கரையும் சஞ்சலமும்

சென்ற மாசி மாதக் கடைசியில் ஒரு கலியாணத்தை உத்தேசித்துப் பந்தல்குடிக்குப் போக நேர்ந்தது. அருப்புக்கோட்டையில் பஸ் மாறி எட்டயபுரம் சாலையில் திரும்பியதும் இரு புறமும் கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல் காடுதான். பருத்தி எடுத்து முடிந்த நிலம் வெடித்து வாய் பிளந்து கிடந்தது. அங்கங்கே சீமைக் கருவேல மரங்கள். நடுவே சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள். 'வானம் பார்த்த பூமி' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லின் பொருள் விளங்க வேண்டுமானால் திருச்சுழிப் பக்கமும் பந்தல்குடிப் பக்கமும் ஒரு முறையேனும் போய் வரவேண்டும்.

பந்தல்குடி வரையில் போனவன் என் பழைய சிநேகிதரைப் பார்க்காமல் திரும்பலாமா? முப்பது வருஷ காலம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். விடியற்காலையில் கண்மாய்க் கரையோரம் நடந்துவிட்டு, டீக்கடையில் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, படித்ததற்கெல்லாம் மறுப்புச் சொல்லிவிட்டு வீடு திரும்புவதே அவருடைய நித்திய கர்மம். அப்படிப்பட்ட மனிதர் அன்று திண்ணையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் நாலு நாள் தாடி. என்னைக் கண்டதும் "வா" என்றார். அவ்வளவுதான்.

அவருடைய மனைவியார்தான் பேசினார்.

"நீங்களாவது கேளுங்க அண்ணாச்சி! சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்கவே மாட்டேங்குது. வீட்டிலே ஒரு துண்டுக் கருப்பட்டிகூட நான் வைக்கிறதில்லே. வெளியிலே எங்கேயோ போய் ஒளிச்சுத் திங்கிறாரு. டாக்டரும் ஒவ்வொரு தடவையும் திட்டித்தான் அனுப்புறாரு. கேட்டா வாயைத் திறக்கிறதில்லே."

எனக்கு ஒரு சந்தேகம் உண்டாயிற்று. நாலு மாதமாகத் தெருவையே தாண்டாத மனிதர் எந்தக் கடைக்குப் போய் ஒளித்துத் தின்பார்? கணக்கு வாத்தியார் வீட்டுக் கணக்கிலேயே எங்கேயோ தவறு இருந்தது.

தவறு எங்கே என்பது அன்று காலையிலேயே தெரிந்து போயிற்று. நமது மாநிலத்தில் 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் ஏற்பாடு தொடங்கப்பட்டதை நேயர்கள் அறிவார்கள். நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது அதன் முக்கிய வேலை. அந்த வேலையாக வந்த பெண்மணி புதிய மாத்திரைகளை வைப்பதற்காகத் தகரப் பெட்டியைத் திறந்தார். முன் இரண்டு மாதங்களில் கொடுத்த அட்டைகள் அப்படியே பிரிக்காமல் கிடந்தன!

வாத்தியார் மனைவியின் முகம் வெளுத்துப் போயிற்று. வந்த பெண்மணியோ கோபிக்கவில்லை. திண்ணைப் படியில் உட்கார்ந்துகொண்டு, "ஐயா, ராத்திரி தூக்கம் வருதா?" என்று மட்டும் கேட்டார்.

வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது. "நான் தூங்கி நாலு மாசம் ஆச்சு, தாயி. கூட வேலை பார்த்தவர் ஒருத்தருக்குச் சர்க்கரையாலே காலை எடுத்துட்டாங்க. நமக்கும் அதுதானே? மாத்திரையைப் போட்டுக்கிட்டு இன்னும் இருந்து என்ன ஆகப் போகுது?"

ஒரு டாக்டரும், ஒரு மனைவியும், ஒரு பழைய சிநேகிதனும் கேட்காத கேள்வியை அந்தப் பெண்மணி கேட்டார். இந்த வாரம் நான் எழுத வந்த விஷயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

*

நீரிழிவுக்கும் மனத்துயரத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது புதிய எண்ணமல்ல. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருந்த தாமஸ் வில்லிஸ் என்னும் பெரிய வைத்தியர், நீடித்த துக்கத்தினால் இந்த வியாதி உண்டாகலாம் என்று எழுதி வைத்தார். நோயாளியின் சிறுநீர் தித்திப்பாயிருப்பதை அந்த நாட்டு வைத்தியர்களுக்கு எடுத்துக் காட்டியவரும் அவரே. துக்கம் ஒன்றே நீரிழிவை உண்டாக்கிவிடும் என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பது இந்தக் காலத்து ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டிருக்கிறது. பல ஆராய்ச்சிகளைத் திரட்டி 2001-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு நோய் மற்றவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது. மனச்சோர்வில் வெகு காலம் இருந்தவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் கூடுதல் என்பதும் பின்னால் தெரிந்தது.

காரணம் என்ன? மனம் ஓயாமல் கலங்கியிருக்கும்போது சரீரத்தில் கார்ட்டிசால், அட்ரினலின் முதலிய சுரப்புகள் அதிகமாகின்றன. ஆபத்துக் காலத்தில் ஓடவும் போராடவும் உதவுவதற்காக ஏற்பட்டவை அவை. ஆகையால் கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் அவிழ்த்துவிடும்படி செய்கின்றன. இன்ஸுலினுடைய வேலையையும் மந்தப்படுத்துகின்றன. ஓடவேண்டிய அவசியமே இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சர்க்கரை என்ன உபயோகம்? இரத்தத்தில் தங்கித் தீங்குதான் செய்யும்.

இது உள்ளே நடப்பது. வெளியே நடப்பது இதைவிடப் பெரிது. மனம் சோர்ந்தவர் நடக்கமாட்டார், வேளைக்குச் சாப்பிடமாட்டார், அல்லது கண்ட வேளையில் சாப்பிடுவார், மாத்திரையை மறப்பார், சர்க்கரையைச் சோதிக்கப் பயப்படுவார். அதனால் சர்க்கரை ஏறும். ஏறினால் இரவில் நாலு முறை எழுந்து சிறுநீர் கழிக்கவேண்டும், தூக்கம் கெடும், கால் எரியும், பகல் முழுதும் அசதி. அதைக் கண்டு மனம் இன்னும் சோரும். செக்கு மாடு சுற்றுவது போல் இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தச் சுற்றின் நடுவே வீட்டாரும் வைத்தியரும் நோயாளியைக் குற்றம் சாட்டினால் என்ன ஆகும்? பந்தல்குடிப் பக்கத்துச் சம்சாரிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கண்மாயில் நீர் இல்லையென்று யாராவது மடையைத் திட்டுவார்களா? வரத்துக்கால் எங்கே தூர்ந்து போயிருக்கிறது என்றல்லவா பார்ப்பார்கள்? 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று நோயாளியை ஏசுவது மடையைத் திட்டுவதற்குச் சமானம். அவர் அதைக் கேட்டு வெட்கப்படுவார், வெட்கத்தினால் மறைப்பார், தகரப் பெட்டியில் அட்டைகள் சேரும்.

இதெல்லாம் படித்தவர்களுக்கும் பட்டணத்தாருக்கும் வரும் மனோ வியாதி என்று நினைப்பவர்கள் உண்டு. சென்னை நகரில் 25,455 பேரை விசாரித்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், நூற்றுக்குச் சுமார் 15 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அதிலும் வருவாய் குறைந்தவர்களிடையே அது அதிகமாயிருந்தது. ஆகவே, வசதியுள்ளவர்களின் சொகுசு வியாதி என்று இதைத் தள்ளிவிட இடமில்லை.

*

சரி, இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு என்பது நம்முடைய நாட்டிலேயே நிரூபிக்கப்பட்டிருக்கிறது. சென்னை, டில்லி, பெங்களூர், விசாகப்பட்டினம் ஆகிய நான்கு ஊர்களிலுள்ள வைத்திய நிலையங்களில் 2015-ஆம் வருஷம் ஒரு பரீட்சை தொடங்கியது. சென்னையில் இதை நடத்தியது மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையம். நீரிழிவு கட்டுக்கடங்காமலும், கூடவே மனச்சோர்வோடும் இருந்த 404 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். மற்றொரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியத்தோடு ஒரு துணையாளரையும் நியமித்தார்கள்.

அந்தத் துணையாளர் டாக்டர் அல்ல என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். நோயாளியோடு அடிக்கடி பேசுவது, தூக்கத்தையும் மனநிலையையும் விசாரிப்பது, நடக்கவும் மாத்திரை சாப்பிடவும் உற்சாகமூட்டுவது - இவையே அவருடைய வேலை. அவர் குறித்து வைத்த விவரங்களை நீரிழிவு நிபுணரும் மனநல நிபுணரும் சேர்ந்து பார்த்து, எந்த மருந்தை மாற்றலாம் என்று யோசனை சொல்வார்கள்.

இரண்டு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, அதோடு சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, கெட்ட கொழுப்பு ஆகிய மூன்றில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு இறங்கியவர்கள் எத்தனை பேர்? வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் நூற்றுக்கு 57 பேர். துணையாளர் இருந்த பிரிவில் நூற்றுக்கு 72 பேர். 2020-இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையில் இந்த முடிவு வெளியாயிற்று. விலையுயர்ந்த புதிய மருந்து எதுவும் இங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. இருக்கிற மருந்தோடு, விசாரிக்க ஒரு மனிதரும் சேர்ந்தார். அவ்வளவே.

இங்கே ஒன்றை எச்சரித்துவிடுகிறேன். மனம் தெளிந்துவிட்டால் சர்க்கரை தானே இறங்கிவிடும் என்று நினைத்து மாத்திரையை நிறுத்துவது பெரிய தவறு. மனத்துக்கும் சரீரத்துக்கும் சேர்ந்தாற்போல் வைத்தியம் செய்தால்தான் பலன்.

*

வீட்டில் நீரிழிவுக்காரர் உள்ள நேயர்கள் கவனிக்க வேண்டியவை சில:

முதலாவது, அடையாளம். இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் குன்றியிருத்தல், அல்லது முன்பு பிரியமாகச் செய்த காரியங்களில் ருசி அற்றுப்போதல் - இவ்விரண்டில் ஒன்று இருந்தாலே வைத்தியரிடம் சொல்லவேண்டும். தூக்கக் கேடு, ஆகாரத்தில் மாறுதல், ஓயாத அசதி, 'நான் எல்லோருக்கும் பாரம்' என்னும் எண்ணம், வாழ்வில் வெறுப்பு ஆகியவை கூட வரும் குறிகள். டீக்கடைப் பத்திரிகையை ஒருவர் மறந்தாரென்றால், அதை வயோதிகம் என்று சும்மா விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, கேட்கும் முறை. "இன்று சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்குமுன் "ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேளுங்கள். முதல் கேள்வி பரீட்சை. இரண்டாவது கேள்வி அன்பு.

மூன்றாவது, மருந்து. மனச்சோர்வுக்கு நல்ல மருந்துகளும், பேசித் தெளிவிக்கும் சிகிச்சையும் இருக்கின்றன. ஆனால் மனோ வியாதிகளுக்குக் கொடுக்கும் மருந்துகளில் சில உடல் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. ஆகையால் நீரிழிவு இருப்பதை மனநல வைத்தியரிடமும், மனநல மருந்து சாப்பிடுவதை நீரிழிவு வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

நான்காவது, சர்க்கரை தாழ்ந்து போவது. இன்ஸுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் திடீரென்று வியர்த்து, நடுங்கி, காரணமின்றிச் சீறினால் அது மனச்சஞ்சலமாக இல்லாமல் இருக்கலாம். உடனே சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். கால் மணி கழித்து மறுபடியும் சோதியுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும்.

ஐந்தாவது, 'இருந்து என்ன ஆகப் போகிறது?' என்ற பேச்சு. இதை விளையாட்டாக எண்ணாதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசாங்கம் ஏற்படுத்திய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவிக்கு எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் செலவில்லாமல் தமிழில் பேசலாம்.

*

2023-இல் வெளியான கணக்கின்படி நமது தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது. இத்தனை பேருக்கும் மனநல நிபுணர்களை எங்கே தேடுவது? ஆனால் மாத்திரைப் பையோடு வீடு வீடாகப் போகும் பெண்மணிகள் இப்போதே நம்முடைய கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தக்க பயிற்சியும், சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஒரு வைத்தியரும் கிடைக்கச் செய்து, தூக்கத்தையும் மனத்தையும் விசாரிப்பதை அவர்களுடைய வேலையோடு சேர்த்துவிட்டால் எவ்வளவு பெரிய உபகாரமாயிருக்கும்! நான்கு நகரங்களில் பலித்தது நாலாயிரம் கிராமங்களில் பலிக்காமல் போகாது என்பது என் அபிப்பிராயம்.

சென்ற வாரம் பந்தல்குடியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாத்தியாரை அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடம் காட்டினார்களாம். நீரிழிவு மாத்திரைகளையும் ஒழுங்காகச் சாப்பிட்டு வருகிறாராம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் 11 என்று இருந்தது 8.6-க்கு இறங்கியிருக்கிறது. "இன்னும் பாஸ் மார்க்கு வரவில்லை, ஆனால் பையன் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வருகிறான்" என்று எழுதியிருக்கிறார். மறுபடியும் கண்மாய்க் கரையில் நடக்கிறார். துணைக்கு மனைவியாரும் போகிறாராம்.

கடிதத்தின் அடியில் அந்த அம்மையார் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "அண்ணாச்சி, இப்பொழுதெல்லாம் காலையில் எழுந்ததும் நான் சர்க்கரையைக் கேட்பதில்லை. தூங்கினாரா என்றுதான் கேட்கிறேன்."