பெயிண்டைப் பார்க்காதீங்க, கம்பியைப் பாருங்க!

அரூரில் வீடு கட்டுகிறவர்கள் கவனத்துக்கு!

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று திட்டத்தைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடி வரை மனை. அதில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம், முதல் மாடி. ஆன்லைனில் உடனே அனுமதி. அதற்கு முன் அதிகாரி நேரில் வந்து பார்ப்பதில்லை. பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை.

அலைச்சல் மிச்சம். நல்லதுதான். ஆனால் வேலையைச் சோதிப்பது யார்? வீட்டுக்காரர்தான்!

அவரோ வாஸ்து பார்க்கிறார், டைல்ஸ் பார்க்கிறார். "எல்லாம் சரியா இருக்குண்ணே" என்று மேஸ்திரி சொன்னதும் தலையாட்டி விடுகிறார்.

விதி தெரிந்தால் கேள்வி கேட்கலாம். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி சொல்கிறது: தூண் கம்பிக்கு வெளியே 40 மில்லி மீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும். அதற்கு மேல் என்றால் 14 நாள்.

சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் பலியானார்கள். இடிந்த பிறகு விதியைப் பேசி என்ன பயன்?

கான்கிரீட் போடும் முன்பே டேப்பை எடுங்கள். போட்ட பிறகு கம்பி கண்ணுக்குத் தெரியாது!