‘தரலாம்’ என்றால் யார் தருவார்கள்?

ஏற்காட்டுக்குப் போனால் ஏரியில் படகு விட்டு, பகோடா பாயின்ட்டில் போட்டோ எடுத்து, மிளகும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவோம். குப்பனூர் வழியாக இறங்கினால் வருகிற ஊர் கொட்டச்சேடு. அங்கே நம்மில் பலர் கார் கண்ணாடியைக்கூட இறக்குவதில்லை.

அந்தப் பக்கம் காப்பி பறிக்கிற ஓர் அம்மாவுக்கு வாயில் ஆறாத புண் என்று வைத்துக்கொள்வோம். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உண்டு. ‘சூடு, தானா ஆறிடும்’ என்று மூணு மாசம் போய்விடும். பிறகு சேலம் பெரியாஸ்பத்திரி. அங்கிருந்து ஒருவேளை அடையாறு. காப்பீட்டு அட்டை இருந்தால் சிகிச்சை கிடைக்கும். ஆனால், ‘உங்க நோய்க்குப் புதுசா ஒரு மருந்தைப் பரிசோதிச்சுப் பார்க்கிறாங்க, சேர்றீங்களா?’ என்று அவரிடம் யார் கேட்கப்போகிறார்கள்?

இப்படி எழுதியதுமே ஒரு குரல் வரும். ‘ஏழைகளைச் சோதனை எலி ஆக்கச் சொல்கிறீரா?’

நியாயமான கோபம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்று நோயாளிகளிடம் முறையான சம்மதம் வாங்காமல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர் ஒருவரின் மருந்தைச் சோதித்தது 2001-ல் வெளியே வந்து நாறியது. 2009-ல் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டபோது, பல இடங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்களே கையெழுத்துப் போட்டார்கள். (தடுப்பூசி நல்லதுதான். கேட்காமல் போட்டதுதான் அக்கிரமம்.) 2013-ல் நாடாளுமன்றக் குழு இதைக் கிழித்துத் தொங்கவிட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ‘ஏழையிடம் போகாதே’ என்பதையா, ‘ஒழுங்காகப் போ’ என்பதையா?

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-ல் ஒரு ஆய்வு ஆரம்பித்தது. நீர்த்த வினிகர் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிப் பார்க்கிற எளிய பரிசோதனை. பயிற்சி பெற்ற நர்ஸ்களே செய்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட சுமார் 49 ஆயிரம் பெண்களிடையே இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவிகிதம் குறைவு என்று 2007-ல் லான்செட் இதழில் வந்தது. பிறகு தமிழக அரசே இந்தப் பரிசோதனையைக் கையில் எடுத்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக சுமார் 31 ஆயிரம் பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டது சரியா என்று பெரிய சண்டையும் நடந்தது. நடக்க வேண்டிய சண்டைதான்.

இன்னொன்று, மும்பை டாடா மெமோரியலில் நடந்தது. நிவோலுமாப் என்ற மருந்து நம் ஆட்களுக்கு எட்டாத விலை. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அங்கே டாக்டர்கள், முற்றிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகளுக்கு மாத்திரை சிகிச்சையோடு சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 16 சதவிகிதம். இதையும் சேர்த்துக்கொண்டவர்களில் 43 சதவிகிதம். ஆய்வு 2023-ல் அச்சானது. ‘என் மருந்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும்’ என்று நிரூபிக்க எந்த மருந்து கம்பெனி காசு செலவழிக்கும், சொல்லுங்கள்?

இந்த ஆய்வே கொட்டச்சேட்டு அம்மா மாதிரி ஆட்களுக்காக யோசித்ததுதான். ஆனால் நடந்தது மும்பையில். பரிசோதனைகளைப் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். பதிவேடு இருப்பது ஆங்கிலத்தில். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்வர பஸ் செலவு, கூடவே வரும் மகனுக்கும் சேர்த்து இரண்டு கூலி நட்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள், பயணச் செலவையும் கூலி இழப்பையும் ஈடுகட்டித் ‘தரலாம்’ என்கின்றன. அந்த ‘லாம்’தான் என் வயிற்றெரிச்சல். அமெரிக்காவில்கூட, பரிசோதனையில் சேர்கிற ஏழைகளின் வழக்கமான சிகிச்சைச் செலவை அரசுக் காப்பீடு ஏற்க வேண்டும் என்பது 2022 முதல் சட்டம்.

‘தர வேண்டும்’ என்று மாற்றுங்கள். ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் சேலத்திலேயே எடுக்க விடுங்கள். சம்மதப் படிவத்தை மலைக்காரருக்குப் புரிகிற தமிழில் உட்கார்ந்து சொல்லுங்கள், ‘வேணாம்’ என்று அவர் எழுந்து போனாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்பதையும் சேர்த்து. ஒரு கூலியும் பஸ் காசும் கொடுத்து எந்தக் கம்பெனி திவாலாகிறது என்று பார்த்துவிடுவோம்.