உளுந்துக்கு விலை உண்டு. உழுதவருக்குச் சீட்டு உண்டா?

பயறு வகைகளில் தன்னிறைவு காண்பதற்கான தேசிய இயக்கத்தை மத்திய அரசு 2025 அக்டோபரில் தொடங்கியது. ஒதுக்கீடு 11,440 கோடி ரூபாய். துவரை, உளுந்து, மசூர் ஆகியவற்றைப் பதிவு செய்த விவசாயிகளிடம் நான்கு ஆண்டுகளுக்கு முழுமையாகக் கொள்முதல் செய்வோம் என்கிறார்கள். 2025-26க்கான ஆதார விலை குவிண்டாலுக்கு உளுந்து 7,800, துவரை 8,000 ரூபாய். நம் கரிசலில் அதிகம் விளையும் பாசிப்பயறுக்கு 8,768 ரூபாய் என்று விலை அறிவித்தவர்கள், இந்த முழுக் கொள்முதல் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் 'பதிவு செய்த' என்ற சொல்லில் இருக்கிறது.

விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கம் புரட்டாசியில் விதைக்கும் தலித் குடும்பங்களில் பலருக்குச் சொந்தப் பட்டா கிடையாது. வாய்மொழிக் குத்தகை, இல்லையென்றால் வாரம். விவசாயி அடையாள எண் பட்டாவோடு இணைக்கப்படுகிறது. பி.எம்.கிசான் உதவித்தொகை நிலவுடைமைக் குடும்பங்களுக்கு மட்டும்தான். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவு கேட்டால் அடுத்த பட்டத்துக்கு நிலம் கிடைக்காது என்ற பயத்தில் யார் போய் மனுக் கொடுப்பார்கள்? ஆகவே உழுதவர் விளைச்சலைக் களத்திலேயே வியாபாரியிடம் போடுகிறார். ஏக்கருக்கு 3 குவிண்டால் எடுத்தவர் குவிண்டாலுக்கு ஆயிரம் குறைத்துக் கொடுத்தால் 3,000 ரூபாய் போயிற்று. இறக்குமதித் துவரைக்கும் உளுந்துக்கும் 2026 மார்ச் வரை வரிவிலக்கு நீட்டிக்கப்பட்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விளைச்சலைக் கூட்டும் வழிகள் செலவு குறைந்தவையே. தனிப்பயிர் உளுந்துக்கு ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் வம்பன் 8 போன்ற ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் தடவி, நிழலில் உலர்த்தி விதைத்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகள் பிடித்துக்கொடுக்கும். 4 கிலோ டி.ஏ.பி.யை முதல்நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, 200 லிட்டராக்கிப் பூக்கும்போது ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து ஒரு முறை தெளிக்க வேண்டும். ஒரு ஏக்கருக்கான கணக்கு இது. மானாவாரியில் எல்லாமே நேரம்தான். ஈரம் காயுமுன் விதைக்க வேண்டும். ஆனால் வாடகை டிராக்டர் பெரிய காடுகளை முடித்துவிட்டுத்தான் நம் துண்டு நிலத்துக்கு வருகிறது. தெளிப்பான் இரவல் கிடைப்பதற்குள் பூ உதிர்ந்துவிடும். ஆதிதிராவிடர் சிறு, குறு விவசாயிகளுக்கு வேளாண் கருவிகளில் மாநில அரசு 20 விழுக்காடு கூடுதல் மானியம் தருகிறது. அதை வாங்கவும் நிலச் சான்று வேண்டும்.

பஞ்சமி நிலத்தை மறந்துவிட்டு இந்தக் கணக்கைப் பேச முடியாது. 1892 அரசாணைப்படி வழங்கப்பட்ட அந்த நிலத்தைப் பத்தாண்டு விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அது இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டு நகல் கேட்டுப் படித்த பிள்ளைகள் பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம்.

அரசு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பயிர் நிற்கும்போதே கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கு வந்து, பட்டாதாரர் பெயரோடு உழுபவர் பெயரையும் அடங்கலில் ஏற்ற வேண்டும். கொள்முதல் நிலையத்தில் அந்த அடங்கலையே போதுமான சான்றாக ஏற்க வேண்டும். இதை வரும் கிராம சபையிலேயே தீர்மானமாகக் கேட்கலாம்.