220 கழித்தல் வயது: ஒரு மாயை

உடற்பயிற்சி செய்வோர் பலருக்கு ஒரு சூத்திரம் வேதவாக்காகிவிட்டது. 220 இலிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு கிடைத்துவிடுமாம்! இவ்வேதத்தின் பிறப்பை நோக்குவோம். அமெரிக்கரான சாமுவேல் பொக்ஸ், வில்லியம் ஹஸ்கல் முதலியோர் 1971 இல் வெளியிட்ட கட்டுரையொன்றின் வழியே இது பரவிற்று. பலரது ஆய்வுத் தரவுகளைப் புள்ளிகளாக இட்டுக் கண்மதிப்பிற் பொருத்திய கோடே இது. முறையான புள்ளிவிபரக் கணிப்பின் விளைவன்று.

2001 இல் ஹிரோபுமி தனாக்கா குழுவினர் 351 ஆய்வுகளைத் தொகுத்து, 208 இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்குமாறு கூறினர். இதன்படி எழுபது வயதினரின் உச்சம் 159. பழைய சூத்திரமோ 150 என்கின்றது.

ஆயின், புதியதும் சராசரியே. ஒரே வயதினரிடையே பத்து, இருபது துடிப்பு வேறுபாடு இயல்பானது. அறுபது வயதினர் ஒருவரின் மெய்யான உச்சம் 140 எனக் கொள்வோம். சூத்திரம் தரும் 160 இன் 85 வீதமாகிய 136 ஐ அவர் எட்ட முயன்றால், தம் மெய்யான உச்சத்தின் 97 வீதத்தை எட்டுகின்றார். உச்சத்தின் 85 வீதமென நம்பித் தம்மை வருத்துகின்றார். துடிப்பைக் குறைக்கும் பீற்றா தடுப்பு மருந்து உட்கொள்வோருக்கோ இக்கணக்கு முற்றிலும் பொருந்தாது.

சராசரி மனிதன் ஏட்டில் மட்டுமே வாழ்கின்றான். பயிற்சியின்போது தொடர்ந்து பேச முடிகின்றதா என்னும் எளிய சோதனை, அவரவர் மூச்சையே சாட்சியாக்குகின்றது. இதய நோயாளருக்கு மருத்துவ மேற்பார்வையில் நிகழும் நேரடிச் சோதனையே தகும். இதயத்தை அளக்காது வயதை அளப்பது விஞ்ஞானமாகாது.