ஆய்வாளர் தங்கிய தெரு

ஓர் இனவரைவியல் நூலை எடுத்தால் அதை எழுதியவர் எந்த நாட்டவர், எந்தக் கோட்பாட்டைச் சார்ந்தவர் என்று விசாரிக்கிறோம். கள ஆய்வின்போது அவர் எந்தத் தெருவில் குடியிருந்தார், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார் என்று விசாரிப்பதில்லை. சார்பு என்பது ஆய்வாளரின் மனத்தில் இருக்கும் குறை, பயிற்சியால் அதைக் களைந்துவிடலாம் என்றுதான் பொதுவாகக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் எவ்வளவு நேர்மையானவருக்கும் ஊரில் சில கதவுகள்தாம் திறக்கும். திறந்த கதவுகளுக்குள் கேட்டது நூலாகிறது. அந்த நூல் முழு ஊரின் பெயரால் பேசத் தொடங்குகிறது. மானிடவியலின் அறப் பிரச்சினையை இங்கிருந்துதான் பேச வேண்டும் என்பது நம் கருத்து.

சென்னை அருங்காட்சியகத்தை 1885 முதல் 1908 வரை நிர்வகித்த எட்கர் தர்ஸ்டன் விஷயத்தில் இது வெளிப்படை. கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 1909இல் ஏழு தொகுதிகளாக வந்தது. மூக்கையும் மண்டையையும் அளக்கும் கருவிகளோடு போன இடங்களில் நடந்ததை அவரே முன்னுரையில் சொல்கிறார். தங்களில் சிலரைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று அஞ்சி வயநாட்டுப் பணியர் பெண்கள் ஓடிவிட்டார்கள். நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று சொல்லி நிற்க மறுத்தார். தர்ஸ்டனுக்கு இவை வேடிக்கைச் செய்திகள். ஆனால் அந்த இருளர் ஏதோ ஒரு பழைய சிறு குற்ற வழக்கில் தேடப்பட்டுவந்தவர் என்பதையும் அதே வரியில் அவர் பதிந்திருக்கிறார். சர்க்காரின் ஆள் ஒருவர் கோலும் நாடாவும் கொண்டு வந்து நின்றால், வழக்கில் மாட்டியவருக்கு வேறென்ன தோன்றும்? 1911இல் குற்றப் பழங்குடிச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது. அதன்படி கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள் 1920இல் சுடப்பட்டார்கள். உடலை அளப்பதும் பதிவதும் எங்கே போய் முடியும் என்பதை அளப்பவரைவிட அளக்கப்பட்டவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

காலனிய அதிகாரியைக் குறை சொல்வது எளிது. விடுதலைக்குப் பின் வந்த ஆய்வுகள்தாம் நம்மைக் கூடுதலாகச் சங்கடப்படுத்த வேண்டும். ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஆய்வு செய்தார். 1965இல் வெளியான ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ அதன் விளைவு. ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். பிராமணர் அல்லாத வெளியாளுக்கு அங்கே இடம் கிடைத்தது பெரிய சலுகை, அதற்கு விலையும் இருந்தது. அக்கிரகாரத்து விருந்தாளி சேரிக்குப் போய் நினைத்தபடி உட்கார்ந்து பேச முடியாது. சேரியிலிருந்து ஒருவர் அவரைத் தேடி அக்கிரகாரத்துக்குள் வரவும் முடியாது. பிராமணரைப் பற்றிக் கிடைத்த அளவுக்கு மற்றவர்களைப் பற்றித் தரவு கிடைக்கவில்லை என்பதைப் பெத்தேய் மறைக்கவில்லை. மைசூரை அடுத்த ராம்புராவில் 1948இல் ஆய்வு செய்த எம்.என். சீனிவாஸ் ஊர்த்தலைவரின் இடத்தில் தங்கினார். தான் கண்டது மேல்சாதியார் பார்வையிலான கிராமம் என்று பிற்பாடு அவரும் ஒப்புக்கொண்டார். வெள்ளையருக்குப் பதில் இந்தியர் ஆராய்ந்தால் சார்பு நீங்கிவிடும் என்ற வாதத்துக்கு ராம்புராவே பதில்.

ஒப்புக்கொண்டுவிட்டார்களே, பிறகென்ன என்று கேட்கலாம். ஒப்புதல் முன்னுரையில் கிடக்கிறது, முடிவுகள் மட்டும் பாடத்திட்டத்துக்கும் தேர்வுத்தாளுக்கும் போய்விடுகின்றன. இரண்டாவது மறுப்பு கனமானது. தங்கிய தெருவே முடிவைத் தீர்மானிக்கும் என்றால் ஒரே பக்கம் நின்று பார்த்தவர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். செங்கல்பட்டுப் பகுதியில் அப்படி நடக்கவில்லை. அங்கே தலித்துகளிடையே பணிபுரிந்த ஜோன் மென்ஷர், கீழிருந்து பார்த்தால் சாதி ஒரு சுரண்டல் ஏற்பாடு என்று 1974இல் எழுதினார். அதே மாவட்டத்து எண்டாவூரில் தலித்துகளை ஆராய்ந்த மைக்கேல் மொஃபாட், ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளும் அதே அடுக்குகளை அமைத்துக்கொள்கிறார்கள், ஆகவே இந்த ஒழுங்கில் அவர்களுக்கும் உடன்பாடு உண்டு என்று 1979இல் வாதிட்டார். மொஃபாட் திரட்டிய செய்திகளை நாம் தள்ளவில்லை, அவர் எடுத்த முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. ஊர்க்கோயிலும் ஊர் நாவிதரும் மறுக்கப்பட்டவர்கள் தமக்கென்று கோயிலும் நாவிதரும் வைத்துக்கொள்வது உடன்பாட்டுக்குச் சான்றாகாது. நிற்கும் இடம் முடிவை எழுதித் தருவதில்லை. எது கண்ணில் படும், எது படாது என்பதை வரையறுக்கிறது. மென்ஷரும் மொஃபாட்டும் சேரியின் பக்கம் பார்த்ததால்தான் இந்த விவாதமே சாத்தியமாயிற்று. அக்கிரகாரத்திலிருந்து மட்டும் எழுதப்பட்டிருந்தால் சர்ச்சைக்கே இடமிருந்திருக்காது.

ஊருக்குப் புனைபெயர் இடும் வழக்கத்தையும் யோசிக்க வேண்டும். தகவல் தந்தவருக்குத் தீங்கு வராமல் காப்பதற்கான ஏற்பாடு அது. சாதி வன்முறை நடக்கும் ஊர்களில் அது அவசியம், அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆயினும் ஊர்க்காரர்களுக்கு யார் யாரென்று தெரியும். புனைபெயரால் உண்மையில் விலக்கப்படுவது வெளியிலிருந்து சரிபார்க்க வருகிறவர்தான். நூலும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருந்துவிட்டால், எழுதப்பட்டவர்கள் மறுத்துப் பேச வழியே இல்லாமல் போகிறது. தகவலாளியிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது இதற்கு மாற்றாகாது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம், அந்தப் பதிலை வைத்து என்ன எழுதப்படும் என்பது கையெழுத்திடும்போது தெரியாது.

நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குப் பொது வாய்மொழித் தேர்வு நடக்கிறது. பேராசிரியர்களும் மாணவர்களும் கேள்வி கேட்கிறார்கள். கள ஆய்வை அடிப்படையாகக் கொண்ட ஆய்வேடுகளுக்கு இன்னொரு அமர்வு, ஆராயப்பட்ட ஊரில், ஆய்வாளர் அதிகம் போகாத தெருவில், தமிழில் நடக்க வேண்டும் என்று கோருகிறோம். அங்கே எழும் மறுப்புகள் ஆய்வேட்டின் பின்னிணைப்பாக அப்படியே அச்சேற வேண்டும். ஆய்வாளர் அவற்றை ஏற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருக்கட்டும். இதனால் ஆய்வு தாமதமாகும் என்பார்கள். சில மாதம் தாமதமாகட்டும்.