கறையான் மேல் சுமத்திய பழி

சமுதாயத்தைக் கெடுப்போரைச் சாட வேண்டுமானால், மேடைப் பேச்சாளரின் நாவில் முதலில் வந்து நிற்கும் உவமை கறையான். ஊழலுக்கும் கறையான், ஒழுக்கக்கேட்டுக்கும் கறையான். மாணவர் கட்டுரைகளிலும் அவ்வுவமை தப்பாமல் இடம்பெறுகிறது. ஆசிரியரும் மகிழ்ந்து மதிப்பெண் வழங்கிவிடுகிறார். அறிவியல் பாடவேளையிலோ, ‘கறையான் மரத்தை அரிக்கும், தீங்கு செய்யும்’ என்ற ஒற்றை வரியோடு அதன் கதை முடிந்துவிடுகிறது. அவ்வரி பாதி உண்மையே. பாதி உண்மையை மனப்பாடம் செய்விப்பதற்குக் கல்வி என்று பெயர் சூட்டலாமா?

உலகில் ஏறத்தாழ 3,000 கறையான் இனங்கள் உள்ளன. அவற்றுள் மனிதனுக்குப் பெருந்தீங்கு விளைப்பவை சிறு பகுதியே. மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் உயிருள்ள மரத்தையே தாக்கிச் சாய்ப்பது கோப்டோடெர்மெஸ் என்னும் வகை. அது பூஞ்சை வளர்ப்பதில்லை. தன் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் மரத்தைச் செரிக்கிறது. காட்டோரத்திலும் தோட்டப்புறத்திலும் மண்மேடு எழுப்பும் மேக்ரோடெர்மெஸ் வேறொரு வகை. அதுவும் சில வேளைகளில் வீட்டு மரத்தைக் கெடுப்பதுண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் உதிர்ந்த இலையையும் பட்ட மரத்தையும் திரட்டிப் பயிர் செய்வதே அதன் அன்றாடத் தொழில். ஒன்றன் குற்றத்தை மற்றொன்றன்மேல் ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே கூண்டில் நிறுத்துவது எந்த ஊர் நீதி?

அப்பயிர்த்தொழிலின் முறையை மாணவர் அறிதல் வேண்டும். மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைப்பது எளிதன்று. டெர்மிட்டோமைசஸ் என்னும் பூஞ்சைக்கு அவ்வாற்றல் உண்டு. வேலைக்காரக் கறையான்கள் காய்ந்த இலையையும் மரத்துணுக்குகளையும் பூஞ்சையின் வித்துகளோடு சேர்த்துத் தின்கின்றன. முழுதும் செரியாத நிலையில் வெளியேற்றி, புற்றின் உள்ளறைகளில் தேனடைபோல் அடுக்குகின்றன. அவ்வடையில் பூஞ்சை படர்ந்து லிக்னினைச் சிதைக்கிறது. கடுகளவான வெண்மணிகளை விளைவிக்கிறது. அம்மணிகள் கறையானுக்கு உணவு. மணியோடு உட்சென்ற வித்து செரியாமல் வெளிவந்து, அடுத்த அடைக்கு விதையாகிறது. பக்குவப்பட்ட பழைய அடையும் பின்னர் உணவாகிறது. களையெடுப்பும் அங்கே உண்டு. கறையான்களை அகற்றிவிட்டால் வேறொரு பூஞ்சை தலைதூக்கி அடையை மூடிக்கொள்ளும். கறையானின்றி அப்பூஞ்சைக்கு வாழ்வில்லை. பூஞ்சையின்றி அக்கறையானுக்கும் வாழ்வில்லை. இவ்வுறவின் வயதோ வியப்புக்குரியது. தான்சானியாவில் கண்டெடுத்த 2.5 கோடி ஆண்டுப் பழமையான பூஞ்சையடைகளைப் பற்றி 2016இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. மனிதன் வேளாண்மை செய்யத் தொடங்கி ஏறக்குறைய 10,000 ஆண்டுகளே ஆகின்றன.

‘இவற்றையெல்லாம் தமிழில் கற்பிக்கச் சொல் ஏது?’ என்று கேட்போர் உளர். கறையான், புற்று, ஈசல், காளான் ஆகிய நான்கும் தமிழ்க் குழந்தை அறிந்த சொற்கள் அல்லவோ? குறை சொல்லில் இல்லை. நான்கையும் நான்கு மூலைகளில் சிதறவிட்ட கற்பித்தலில் இருக்கிறது. ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான் என்பதைக்கூட அறியாமல் ஆறாண்டுப் படிப்பை முடிக்கும் மாணவர் எத்தனை பேர்! மழைக்குப் பின் புற்றிலிருந்து ஈசல் பறக்கிறது. இறக்கை உதிர்த்த இணை மண்ணைத் தோண்டிப் புதுக்குடி தொடங்குகிறது. மழைக்காலத்தில் புற்றடியிலிருந்து எழும் காளான் வித்துகளைச் சிந்துகிறது. பெரும்பாலான இனங்களில், புதுக்குடியின் முதல் வேலைக்காரக் கறையான்கள் வெளியே வந்து அவ்வித்துகளைச் சேர்த்துச் செல்கின்றன. மலாய்க்காரர் அக்காளானைச் ‘செண்டாவான் பூசுட்’ என்பர். புற்றுக்காளான் என்பதே அதன் பொருள்.

தமிழ்ப் புலவர் கண்களும் இவற்றைக் காணாமலில்லை. வறுமை குடிகொண்ட பாணனின் அடுக்களையைப் பாடவந்த நல்லூர் நத்தத்தனார், பழஞ்சுவரைச் சிதல் அரித்த புழுதியில் காளான் பூத்திருந்ததைச் சிறுபாணாற்றுப்படையில் குறிக்கிறார். சிதல் என்பது கறையானின் பழம்பெயர். ‘கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது’ என்ற பழமொழியும் கறையானின் உழைப்புக்காகவே இரங்குகிறது. தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோகான் கெர்கார்டு கோனிக், தஞ்சைப் பகுதிப் புற்றுகளை ஆராய்ந்து, அவற்றினுள் பூஞ்சை வளர்வதை 1779இலேயே எழுதி வெளியிட்டார். தஞ்சை மண்ணின் புற்று ஐரோப்பிய அறிஞருக்குப் பாடமாயிற்று. தமிழ் மாணவனுக்கு மட்டும் அது மருந்தடித்து ஒழிக்க வேண்டிய மண்மேடாகவே நிற்க வேண்டுமா?

தேர்வில் கேட்பதில்லை, நேரமில்லை என்பன வழக்கமான விடைகள். மலேசியப் பள்ளிகளில் 2003இல் அறிவியல் ஆங்கிலத்திற்கு மாறியபோது, தாய்மொழியில் கற்பிக்கும் உரிமை வேண்டுமென்று தமிழர் குரல் எழுப்பினர். அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது; தமிழில் கற்பிக்க மீண்டும் வழி பிறந்தது. மீட்டெடுத்த உரிமையை ஒற்றை வரிப் பாடத்திற்கே செலவிடுவதானால், அப்போராட்டம் எதற்காக நடந்தது? கறையானைப் பற்றி ஒரு பாடவேளை விளக்குவதால் எந்தத் தேர்வும் கெட்டுவிடாது. புற்றை இடிக்கவும் வேண்டாம். எட்ட நின்று, மழைக்கு முன்னும் பின்னும் மாணவர் பார்த்து எழுதினால் போதும்.

இனி ‘கறையான்போல் சமுதாயத்தை அரிக்கிறார்கள்’ என்று மாணவன் எழுதிவரும்போது, ஆசிரியர் மதிப்பெண் இடுமுன் அவ்வரியின் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதட்டும்: எந்தக் கறையான்?